கட்டைவிரல் நகத்துக்குள் அடங்கும் பல்: சிறிய ஊனுண்ணி டைனோசர்களின் பற்களைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்குத் தமிழ்ப்பள்ளிகளின் அறிவியல் வாரத்துக்கு என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகத் தொடங்கிப் பதினோர் ஆண்டுகள் ஆகின்றன. பெட்டியில் இன்று 38 பற்கள் இருக்கின்றன. எல்லாம் சிறிய ஊனுண்ணி டைனோசர்களுடையவை. மிகப் பெரியது 19 மில்லிமீட்டர், மிகச் சிறியது 3 மில்லிமீட்டர். பிள்ளைகளும் ஆசிரியர்களும் கேட்டவை, பிறகு புலனத்தில் பெற்றோர் அனுப்பியவை, வாங்கிவிட்டு மனக்குழப்பத்தோடு வந்தவர்கள் கேட்டவை எல்லாவற்றையும் இங்கே ஒன்றாகத் திரட்டியிருக்கிறேன்.

உண்மையான டைனோசர் பல் விலைக்குக் கிடைக்குமா? அது அருங்காட்சியகத்தில் அல்லவா இருக்க வேண்டும்?

கிடைக்கும். மனிதனுக்குப் பாற்பல் ஒருமுறை விழுந்து முளைப்பதோடு சரி. ஊனுண்ணி டைனோசர்களுக்கோ வாழ்நாள் முழுவதும் பல் விழுந்து முளைத்துக்கொண்டே இருந்தது. மடகாஸ்கரில் வாழ்ந்த மஜுங்காசாரஸ் ஒவ்வொரு பற்குழியிலும் ஏறத்தாழ இரண்டு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பல் முளைக்க வைத்தது என்று 2019இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. பல்லின் உள்ளே நாள்தோறும் படியும் மெல்லிய வரிகளை, மரத்தின் வளையங்களை எண்ணுவது போல எண்ணிக் கண்டறிந்த கணக்கு அது. அலோசாரஸுக்கு இதே வேலைக்கு மூன்றரை மாதம் பிடித்தது. ஆக, ஒரே விலங்கு தன் வாழ்நாளில் நூற்றுக்கணக்கான பற்களை ஆற்றங்கரையிலும் இரையின் உடலிலும் உதிர்த்துவிட்டுப் போயிருக்கிறது.

எலும்பு நொறுங்கும் இடத்திலும் பல் நிற்கும். எனாமலில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் தாதுப்பொருள்தான். அதனால்தான் முழு எலும்புக்கூடு ஒன்று கிடைக்கும் நிலப்பகுதியில் உதிர்ந்த பற்கள் ஆயிரக்கணக்கில் கிடைக்கின்றன. ஆய்வாளர்களும் எல்லாவற்றையும் வைத்துக்கொள்வதில்லை. சட்டப்படி எடுக்கப்பட்ட பல்லை ஒருவர் வீட்டில் வைத்திருப்பதால் அறிவியலுக்குப் பெரிய இழப்பு இல்லை. ஆனால் எங்கிருந்து வந்தது என்ற விவரம் தொலைந்துபோவது இழப்புதான். அதைப் பற்றிக் கீழே நிறையச் சொல்லப்போகிறேன்.

எல்லாரும் டி-ரெக்ஸ் பல்லைத்தானே விரும்புகிறார்கள்? நீங்கள் ஏன் இந்தப் பொடிப் பற்களைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்?

என் சித்தப்பா ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் ஒரு நகைக்கடையில் பத்தராக இருந்தவர். தோடு, மூக்குத்தி ஆகியவற்றில் கல் பதிக்கும் வேலை. வாங்கிய முதல் பல்லை அவரிடம் காட்டினேன். 9 மில்லிமீட்டர், தேன் கலந்த பழுப்பு நிறம். மேசை விளக்கை இழுத்து வைத்து, பத்து மடங்கு பெருக்கும் லென்ஸைக் கண்ணில் பொருத்திக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு லென்ஸை என்னிடம் நீட்டி, "இந்த அரத்தை யார் போட்டது?" என்று கேட்டார்.

நானும் பார்த்தேன். வெறுங்கண்ணுக்கு ஒரு கோடாகத் தெரிந்த பின்விளிம்பு, லென்ஸுக்குள் வரிசை வரிசையாக நின்றது. ஒவ்வொன்றும் அரிசி நுனி போன்ற முனை; இரண்டு முனைகளுக்கு நடுவே ஒரு சிறு பள்ளம்; பள்ளத்தில் செம்மண் ஒரு துகள். நுனியை நெருங்க நெருங்க முனைகள் சிறுத்துக்கொண்டே போய், உச்சியில் தேய்ந்து மழுங்கியிருந்தன. அந்த விலங்கு கடித்ததால் வந்த தேய்மானம் அது. பெரிய பல்லைக் கையில் எடுத்தால் எடையும் நீளமும்தான் முதலில் மனத்தில் நிற்கின்றன. சிறிய பல் நம்மைக் குனிந்து பார்க்க வைக்கிறது. வடிவம், வளைவு, விளிம்பு என்று ஒவ்வொன்றாகக் கண்ணுக்குப் புலப்படுகிறது. முப்பத்தெட்டும் எனக்கு அப்படித்தான் பழக்கமாயின.

அந்த ரம்ப முனைகள் மேலோட்டமான வெட்டுகள் அல்ல. பல்லின் உட்புறத்தில் ஒவ்வொரு முனைக்கும் அடியில் ஒரு மடிப்பு ஆழமாக இறங்குகிறது என்றும், அது முனையை உறுதியாக்கிச் சீக்கிரம் தேயாமல் காக்கிறது என்றும் 2015இல் கனடா ஆய்வாளர்கள் பல்லை அறுத்துப் பார்த்துச் சொன்னார்கள். இன்று உயிரோடு இருக்கும் விலங்குகளில் இதற்கு நெருங்கிய உவமை கொமோடோ உடும்பு. அதன் பல்லின் ரம்ப விளிம்பிலும் நுனியிலும் இரும்புச் சத்து படிந்து செம்மஞ்சளாக இருப்பதை 2024இல் கண்டறிந்தார்கள். நம் வீட்டுக்குப் பின்னால் கால்வாயில் நீந்திப்போகும் நீர் உடும்பு அந்தக் கொமோடோவுக்குத் தாயாதி. பிள்ளைகளிடம் இதைச் சொல்லும்போது வகுப்பு அமைதியாகிவிடும்.

எந்தெந்த டைனோசர்களின் பற்கள் இந்த வகையில் வரும்?

சேகரிப்பாளர் கைக்கு அதிகம் வருபவை வட அமெரிக்காவின் மொன்டானா, வயோமிங், டக்கோட்டாப் பகுதிகளிலிருந்து கிடைப்பவை. ஹெல் கிரீக் என்ற பாறையடுக்கு 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், டைனோசர்களின் கடைசிக் காலத்தில் படிந்தது. அதைவிடச் சுமார் ஒரு கோடி ஆண்டு மூத்தது ஜூடித் ரிவர் அடுக்கு.

முதல் குழு ட்ரோமியோசாரிட்கள். திரைப்படங்களில் 'ராப்டர்' என்று காட்டப்படுபவற்றின் குடும்பம். பல் கத்தி போலப் பக்கவாட்டில் தட்டையாகவும் பின்னோக்கி வளைந்தும் இருக்கும். பல இனங்களில் பின்விளிம்பு முனைகள் பெரிதாகவும் முன்விளிம்பு முனைகள் பொடியாகவும் இருக்கும். லென்ஸில் முதலில் இதைத்தான் பார்க்கவேண்டும். ஹெல் கிரீக்கின் அகெரோராப்டர் 2013இல்தான் பெயர் பெற்றது. அதற்கு முன்பு பல ஆண்டுகளாக அதன் பற்கள் வேறு பெயர்களில் பெட்டிகளில் கிடந்தன.

இரண்டாவது ட்ரூடொன்டிட்கள், ட்ரூடான் என்ற விலங்கின் பெயரால் வழங்கும் குடும்பம். எனக்கு மிகவும் பிடித்தவை. பல் குட்டை, அகலம்; ஆனால் விளிம்பு முனைகள் பல்லின் அளவுக்குப் பொருந்தாத அளவு பெரியவை. ஒவ்வொன்றும் கொக்கி போல நுனியை நோக்கி வளைந்திருக்கும். ஒருமுறை பார்த்தால் மறக்க மாட்டீர்கள்.

ரிச்சர்டோஎஸ்டீசியா என்ற பெயரில் வருபவை மெல்லியவை. முனைகள் அவ்வளவு பொடி. லென்ஸ் இல்லாமல் தொட்டால் விளிம்பு மழமழவென்றுதான் இருக்கும். அதன் உடல் எப்படி இருந்தது என்று சொல்லும் எலும்புக்கூடு இல்லை. தாடைத் துண்டும் பற்களும்தான் ஆதாரம். பரோனிகோடான் இன்னும் விந்தை: ஒரு பக்கம் தட்டை, நெடுக்குவாட்டில் வரிகள், ரம்பம் பெரும்பாலும் இல்லை.

இளம் டைரனோசார்களின் பற்களும் இதே அளவில் வரும். குறுக்குவெட்டில் அவை தடிப்பாக இருக்கும். முன்வாய்ப் பல் என்றால் ஒரு பக்கம் தட்டையாக, எதிர்ப்பக்கம் வளைந்து, பாதி நிலா போலத் தெரியும். 'ராப்டர்' என்று விற்கப்படுபவற்றில் இவையும் கலந்திருக்கும். கவனித்துப் பாருங்கள்.

ட்ரூடான் என்ற பெயரே இப்போது செல்லாது என்கிறார்களே?

ஒரே ஒரு பல்லை வைத்துப் பெயர் சூட்டினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சிறந்த கதை இல்லை. மொன்டானாவின் ஜூடித் ரிவர் பகுதியில் கிடைத்த ஒரு பல்லுக்கு அமெரிக்க ஆய்வாளர் ஜோசப் லைடி 1856இல் ட்ரூடான் என்று பெயரிட்டார். 'காயப்படுத்தும் பல்' என்று பொருள். அவர் அதைப் பல்லியினம் என்று நினைத்தார். 1924இல் அதே பெயர், மண்டை தடித்த தாவரவுண்ணி ஒன்றுக்குப் போய்ச் சேர்ந்தது. 1980களில் கனடா ஆய்வாளர் பிலிப் கரி அந்தப் பல்லை, மெலிந்த கால்களும் பெரிய கண்களும் கொண்ட ஒரு சிறிய ஊனுண்ணியோடு இணைத்தார். 2017இல் கனடாவில் கிடைத்தவற்றுக்கு மீண்டும் தனிப்பெயர்கள் வந்தன.

அந்தப் பல் மாறவே இல்லை. அதன் மேல் ஒட்டிய சீட்டுதான் நூற்றைம்பது ஆண்டுகளாக மாறிக்கொண்டே வந்திருக்கிறது. அதனால் என் பெட்டியில் 'ட்ரூடான்' என்று எழுதுவதில்லை. 'ட்ரூடொன்டிட், இனம் தெரியவில்லை' என்று எழுதுகிறேன். விற்பவர் ஒரு பல்லுக்கு முழு இனப்பெயரைத் தயங்காமல் சொன்னால், எந்த அடையாளத்தை வைத்து என்று கேளுங்கள்.

மொரோக்கோவின் 'ராப்டர்' பல் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

அதிகம் வரும் கேள்வி இதுதான்.

மொரோக்கோவின் தென்கிழக்கில், எர்ஃபூத் ஊரைச் சுற்றியுள்ள கெம் கெம் பாறைகள் 10 கோடி ஆண்டுகளை ஒட்டியவை. ஸ்பைனோசாரஸ் பற்கள் அங்கே ஏராளம். கூடவே சிறிய ஊனுண்ணிப் பற்களும் வருகின்றன. அவற்றை 'ராப்டர்', 'ட்ரோமியோசார்' என்று விற்கிறார்கள். ஆனால் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று உறுதியாகச் சொல்லத்தக்க எலும்பு கெம் கெம்மில் வெளிப்படவில்லை. அந்தப் பற்களில் பெரும்பகுதி அபெலிசாரிட் என்ற வேறு கிளையைச் சேர்ந்தவையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அபெலிசாரிட் பல்லில் முன்விளிம்பு வளைந்து இறங்கும். பின்விளிம்பு ஏறக்குறைய நேராக நிற்கும். கையில் இருப்பதை எடுத்துப் பாருங்கள், பலருக்கு அங்கேயே விடை கிடைத்துவிடும்.

வாங்கலாமா என்றால், வாங்கலாம். அழகான பற்கள். பிள்ளைகளுக்கு முதல் பல்லாகக் கொடுக்க இதைவிடப் பொருத்தமானது இல்லை. 'ராப்டர்' என்ற சொல்லுக்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். அட்டையில் 'சிறிய ஊனுண்ணி, கெம் கெம், மொரோக்கோ' என்று எழுதிக்கொள்ளுங்கள். அதுதான் உண்மை.

போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

முழுப் போலி குறைவு. பாதி உண்மையும் பாதிப் பசையுமாக வருவதுதான் அதிகம்.

நான் இணையத்தில் வாங்கிய இரண்டாவது பல் அப்படிப்பட்டது. 85 ரிங்கிட். வேரோடு கூடிய முழுப் பல் என்று படம் போட்டிருந்தார்கள். வேரோடு பல் கிடைப்பது அரிது. தாடையிலேயே இருந்து விலங்கோடு புதைந்த பல்லுக்குத்தான் வேர் இருக்கும். உதிர்ந்த பல்லின் வேரை அடியில் முளைத்த புதுப்பல் கரைத்துவிட்டிருக்கும், அடிப்பகுதி குழிவாக இருக்கும். இது தெரியாமல் மகிழ்ந்தேன். வீட்டுக்கு வந்ததும் லென்ஸில் பார்த்தேன். மேற்பகுதி வரை நன்றாக ஓடிய விளிம்பு வேரின் தொடக்கத்தில் சட்டென்று நின்றது. வேரின் மேல் மணல் ஒரே சீராக ஒட்டியிருந்தது, கையால் தூவியது போல. பஞ்சில் அசிட்டோன் நனைத்து வேரில் மட்டும் ஒற்றினேன். பஞ்சு பழுப்பாக வந்தது. அரை மணி நேரத்தில் வேர் முழுவதும் குழைந்து, மணலும் எலும்புத் துண்டும் கையில் விழுந்தன. மிஞ்சியது 8 மில்லிமீட்டர் உண்மையான பல். அதையும் பிரித்தெடுத்த மணலையும் ஒரே குப்பியில் போட்டு வைத்திருக்கிறேன். பள்ளிக்குப் போனால் முதலில் எடுத்துக் காட்டுவது அதைத்தான்.

நீங்கள் செய்யவேண்டியது: பணம் கொடுப்பதற்கு முன் நான்கு பக்கமும் அடிப்பகுதியும் தெரியும் படங்கள் கேளுங்கள். கையில் வந்ததும், எனாமலின் மினுமினுப்பு ஓரிடத்தில் திடீரென்று மங்குகிறதா, விரிசல் ஒன்று முழுச்சுற்றாக ஓடுகிறதா, மேற்பரப்பில் காற்றுக்குமிழின் ஓட்டை தெரிகிறதா என்று பாருங்கள். நாணய மாற்றுக் கடைகளில் நோட்டைச் சோதிக்கும் புற ஊதா விளக்கு இருக்கிறதே, அதன் சிறிய டார்ச் வடிவம் போதும். இருட்டில் அடித்தால் பல பசைகள் வெளிர்நீலமாக ஒளிரும். அசிட்டோனை மட்டும் அவசரப்பட்டுத் தொடாதீர்கள். நேர்மையாகப் பதப்படுத்திய பல்லின் விரிசலைப் பிடித்திருக்கும் பசையையும் அது கரைத்துவிடும்.

ஒட்டிய பல் குற்றம் இல்லை. ஒட்டியதைச் சொல்லாமல் விற்பதுதான் குற்றம்.

மலேசியாவில் டைனோசர் பல் கிடைத்திருக்கிறதா? தமிழ்நாட்டில்?

இரண்டு இடத்திலும் கிடைத்திருக்கிறது. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

2014 பிப்ரவரியில் மலாயாப் பல்கலைக்கழகம், ஜப்பானிய ஆய்வாளர்களோடு சேர்ந்து, பகாங்கில் கண்டெடுத்த ஒரு பல்லை அறிவித்தது. மலேசியாவில் உறுதிசெய்யப்பட்ட முதல் டைனோசர் எச்சம். நீளம் 23 மில்லிமீட்டர், அகலம் 10. மீன் பிடித்துத் தின்ற ஸ்பைனோசாரிட் குடும்பத்துப் பல். குழுவில் இருந்த புவியியலாளர் மசாதோஷி சோனே. கண்டெடுத்த இடத்தை வெளியே சொல்லாமல் பாதுகாத்தார்கள். அந்த முடிவு சரியானது என்றே எண்ணுகிறேன்.

அரியலூரின் கதை இன்னும் நெருக்கமானது, ஏனென்றால் அது நாம் பேசிக்கொண்டிருக்கும் அதே வகைப் பல். காவிரிப் படுகையின் கல்லமேடு பாறையடுக்கில் கிடைத்த ஒரே ஒரு சிறிய பல், ட்ரூடொன்டிட்டுடையது என்று 2013இல் ஆய்விதழில் வெளிவந்தது. அதுவரை அந்தக் குடும்பம் ஆசியாவிலும் வட அமெரிக்காவிலும், அதாவது வடக்குக் கண்டங்களில்தான் அறியப்பட்டிருந்தது. அந்த விலங்கு வாழ்ந்த காலத்தில் இந்தியா ஆசியாவோடு ஒட்டவில்லை. இந்தியப் பெருங்கடலில் தனித்த நிலமாக வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. அங்கே இந்த விலங்கு எப்படி வந்தது? ஒரு பல் கண்டங்களின் வரலாற்றைப் பற்றிக் கேள்வி எழுப்பிவிட்டது. கொக்கி போன்ற அந்த விளிம்பு முனைகள் இல்லையென்றால் அடையாளம் கண்டிருக்க முடியாது.

அந்தப் பல் எந்தப் பாறையில் எந்த அடுக்கில் கிடந்தது என்று குறித்துவைக்காமல் யாரோ எடுத்துப் பையில் போட்டிருந்தால், அது வெறும் சின்னக் கல்.

பகாங்குக்கோ அரியலூருக்கோ போய் நாமே தேடி எடுக்கலாமா?

வேண்டாம். பார்த்தால் தொடாமல் படம் எடுத்து, பக்கத்தில் ஒரு நாணயத்தை அளவுக்கு வைத்து, இடத்தைக் கைப்பேசியில் குறித்து, பல்கலைக்கழகப் புவியியல் துறைக்கோ கனிமவள, புவி அறிவியல் துறைக்கோ அனுப்புங்கள். அரியலூர்ப் பக்கம் ஊருக்குப் போகிறவர்கள் வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்துக்குப் போகலாம். என் பெரியம்மா ஊர் போனபோது எனக்குக் கல் பொறுக்கி வருவதாகச் சொன்னார். வேண்டாம் பெரியம்மா, படம் மட்டும் எடுத்து வாருங்கள் என்றேன்.

வீட்டிலேயே புதைபடிவம் வேண்டுமென்றால், பலர் வீட்டுப் பூஜை அறையில் அது ஏற்கெனவே இருக்கிறது. கண்டகி நதியின் சாளக்கிராமத்துக்குள் சுருண்டிருப்பது கடலில் வாழ்ந்த அம்மோனைட்டின் ஓடு.

எந்த நாட்டுப் பல்லை வாங்குவது சட்டப்படி சரி?

அமெரிக்காவில் தனியார் நிலத்தில், நில உரிமையாளரின் சம்மதத்தோடு எடுத்ததை விற்கலாம். கூட்டரசு நிலத்தில் முதுகெலும்பு விலங்குகளின் புதைபடிவத்தை உரிமம் இல்லாமல் எடுப்பதை 2009ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. ஆகவே 'மொன்டானா' என்று மட்டும் சொன்னால் போதாது, தனியார் நிலமா என்று கேட்க வேண்டும். நல்ல விற்பனையாளர்கள் மாவட்டத்தின் பெயரோடு எழுதிக் கொடுப்பார்கள்.

எல்லை தாண்டியதும் கதை மாறிவிடும். கனடாவின் ஆல்பர்ட்டாவில் கிடைப்பவை மாநிலத்துக்குச் சொந்தம். மங்கோலியாவிலும் சீனாவிலும் புதைபடிவங்களை வெளியே கொண்டுபோக அனுமதி இல்லை. 'வெலாசிராப்டர் பல்' என்று யாராவது விற்றால் இதை நினைவில் கொள்ளுங்கள்: வெலாசிராப்டர் மங்கோலியா, சீனாப் பகுதிகளின் விலங்கு. ஒன்று, பெயர் பொய்; அல்லது பல் திருட்டு. 2012இல் நியூயார்க்கில் பத்து லட்சம் டாலருக்கும் மேல் ஏலம் போன டார்போசாரஸ் எலும்புக்கூட்டை அமெரிக்க அரசு பறிமுதல் செய்து, 2013இல் மங்கோலியாவுக்குத் திருப்பி அனுப்பியது. பிரேசிலில் 1942 முதல் புதைபடிவம் அரசுடைமை. அங்கிருந்து ஜெர்மனிக்குப் போன உபிரஜாரா என்ற சிறிய இறகு டைனோசர் 2023இல்தான் வீடு திரும்பியது.

எனக்கு இதில் இரண்டு மனம் இல்லை. ஒரு நாடு தன் மண்ணின் வரலாற்றைத் தன்னிடம் வைத்துக்கொள்ள விரும்பினால், அந்தப் பல் எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

சீட்டில் என்னென்ன எழுதவேண்டும்?

பாறையடுக்கு, மாவட்டம் அல்லது ஊர், நாடு, யாரிடம் வாங்கியது, எப்போது, எவ்வளவு, என்ன ஒட்டுவேலை நடந்திருக்கிறது. பல்லின் பெயரை மட்டும் பென்சிலால் எழுதுகிறேன், மாறக்கூடும் என்பதால். மற்றவற்றை அழியாத மையில். விற்பனையாளர் கொடுத்த பழைய சீட்டைத் தூக்கி எறியாதீர்கள், அதையும் கூடவே வையுங்கள். எனக்குப் பிறகு பெட்டி யார் கைக்குப் போகுமோ தெரியாது. என்னைக் கேட்காமலேயே அவர்களால் ஒவ்வொரு பல்லையும் அறிய முடிய வேண்டும்.

இவ்வளவு சிறிய பற்களை மண்ணில் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

மண்ணை மூட்டையாக அள்ளி, நீரில் ஊறவைத்து, மெல்லிய சல்லடையில் அலசி, காய்ந்த பிறகு ஊசியால் ஒவ்வொரு துகளாகத் தள்ளிப் பார்ப்பார்கள். அரிசியில் கல் பொறுக்கிய பாட்டிமார்களின் பொறுமை வேண்டும்.

இன்னொரு வழியை எறும்புகள் கொடுத்தன. வட அமெரிக்கச் சமவெளியில் ஒருவகை எறும்பு தன் புற்றின் மேல் சிறு கற்களைக் கொண்டுவந்து பரப்பும். அந்தக் கற்களோடு பற்களும் வந்துவிடும். 1890களில் வயோமிங்கில் புதைபடிவம் தேடிய ஜான் பெல் ஹாட்சர், பழங்காலப் பாலூட்டிகளின் நுண்ணிய பற்களை இந்தப் புற்றுகளிலிருந்து நூற்றுக்கணக்கில் எடுத்தார். என் பெட்டியில் உள்ள 3 மில்லிமீட்டர் பல்லும் எறும்புப் புற்றிலிருந்து வந்தது என்று அதன் சீட்டு சொல்கிறது.

கறுத்த பல் பழையதா? வெளிறிய பல் புதியதா?

நிறத்துக்கும் வயதுக்கும் தொடர்பில்லை. புதைந்த மண்ணில் இருந்த இரும்பும் மாங்கனீசும்தான் நிறம் கொடுக்கின்றன.

பினாங்கின் ஈரத்தில் பல் கெடுமா?

கெடக்கூடும். செப்டம்பர், அக்டோபர் மழையில் அலமாரிச் சட்டையே பூஞ்சை பிடிக்கிறது. பல்லுக்குள் பைரைட் என்ற இரும்புத்தாது இருந்தால், ஈரக்காற்றில் அது அமிலமாக மாறி உள்ளிருந்தே பிளக்கும். மஞ்சளோ வெள்ளையோ பொடி உதிர்ந்தால், கந்தகம் போன்ற நெடி வந்தால், உடனே அதைத் தனியே பிரியுங்கள். கடலடிக் கறுப்புச் சேற்றுப்பாறையிலிருந்து வந்தவற்றுக்கு இந்த ஆபத்து அதிகம். ஆற்றுமணலில் படிந்த கெம் கெம், ஹெல் கிரீக் பற்களுக்குக் குறைவு.

நான் கேமரா வைக்கும் ஈரநீக்கிப் பெட்டியில் வைக்கிறேன், ஈரப்பதம் 45 முதல் 50 விழுக்காட்டுக்குள். வசதியில்லை என்றால் காற்றுப்புகாத உணவு டப்பாவும் நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லும் போதும். நிறம் மாறியதும் மணிகளை மிதமான சூட்டில் உலர்த்தி மறுபடி பயன்படுத்தலாம். ஜன்னலோரக் கண்ணாடி அலமாரி வேண்டாம்; வெயிலில் சூடேறி இரவில் குளிர்ந்தால் எனாமலில் விரிசல் விழும்.

அழுக்காக இருக்கிறதே, எப்படிச் சுத்தம் செய்வது?

மென்மையான தூரிகை, சில சொட்டுச் சுத்தமான நீர், நிழலில் உலர்த்துவது. அவ்வளவுதான்.

ஒரு தீபாவளிக்கு முதல் நாள், நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், அம்மா பித்தளை விளக்குகளோடு என் மேசையில் இருந்த இரண்டு பற்களையும் சேர்த்துப் புளி போட்டுத் தேய்த்து வைத்திருந்தார். பளபளப்பாக்கித் தர வேண்டும் என்ற அன்புதான். மாலையில் வந்து பார்த்தேன். எனாமல் சுண்ணாம்பு பூசியது போல மங்கிவிட்டது. ஒன்றில் விளிம்பு முனைகள் நுனி கரைந்து உருண்டிருந்தன. அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இங்கே சொல்கிறேன்: புளி, எலுமிச்சை, வினிகர் எதுவும் கூடாது. பல் தாதுப்பொருள், அமிலம் அதைத் தின்றுவிடும். பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெய் தடவுவதும் கூடாது. எண்ணெய் உள்ளே இறங்கினால் பிறகு எந்தப் பசையும் பிடிக்காது. உடைந்தால், அருங்காட்சியகங்கள் பயன்படுத்தும் பாராலாய்டு பி-72 என்ற பசை நல்லது. தேவைப்பட்டால் அசிட்டோனில் கரைத்துப் பிரித்தெடுக்கலாம்.

விலை ஏறுமா? முதலீடாக வாங்கலாமா?

வேண்டாம். தங்கம் வாங்குங்கள்.

என் மகளுக்கு எட்டு வயது. முதலில் எதை வாங்கித் தருவது?

பல்லுக்கு முன் லென்ஸ். பத்து மடங்கு பெருக்கும் நகைக்கடை லென்ஸ் ஒன்று வாங்கி, வீட்டில் இருக்கும் உப்பு, மணல், ரொட்டிக்கத்தியின் விளிம்பு, விழுந்த பாற்பல் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மாதம் கழித்தும் லென்ஸ் அவள் கையில் இருந்தால், நுனி உடைந்த கெம் கெம் பல் ஒன்று வாங்கிக் கொடுங்கள். உடைந்ததற்கு விலை குறைவு. உடைந்த இடத்தில் உள்ளமைப்பும் தெரியும். சீட்டை அவளையே எழுதச் சொல்லுங்கள்.

இந்தப் பல்லுக்குச் சொந்தமான டைனோசர் கடைசியாக எதைத் தின்றது?

பட்டர்வொர்த்தில் ஒரு மூன்றாம் வகுப்பு மாணவன் கேட்டது. உதிர்ந்த தனிப் பல் அதைச் சொல்லாது என்று விளக்கினேன். அவன் முகம் வாடியதைப் பார்த்து, வேறு ஒரு பல்லைப் பற்றிச் சொன்னேன்.

கனடாவின் ஆல்பர்ட்டாவில் பறக்கும் ஊர்வனவான டெரோசார் ஒன்றின் கால் எலும்பு கிடைத்தது. சௌரோர்னிதோலெஸ்டெஸ் என்ற ட்ரோமியோசாரிட் அதைக் கடித்திருந்தது. கடித்ததை விட அந்த டெரோசார் பெரியது. கடித்த தடங்கள் எலும்பின் மேல் இருந்தன. ஒரு கடியில் பல் முறிந்து எலும்புக்குள்ளேயே சிக்கிக்கொண்டது. 1995இல் அதைப் பற்றிய ஆய்வு வெளிவந்தது. யார் கடித்தது, எதைக் கடித்தது இரண்டும் ஒரே கல்லில் இருக்கின்றன. கடித்த விலங்கு போய்விட்டது. அந்தக் குழியில் வேறு பல் முளைத்திருக்கும். முறிந்த நுனி ஏழு கோடி ஆண்டுகளுக்கும் மேலாக அந்த எலும்பில் அப்படியே இருக்கிறது.